வீட்டுப் பேச்சு

ஆனி 2, திங்கள்

சௌடம்மன் துணை.

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. எங்கள் லைன் வீடுகளில் நடு வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரர்களின் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நானும் கூடப் போனேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பெயர் இதிஸ்ரீ. வீட்டில் மிலி. ஆறு வயசு, கண் மட்டும் பத்து வயசு. அம்மா சஸ்மிதா. அப்பா பிரபாத், பனியன் கம்பெனியில் கட்டிங். அவன் திருப்பூர் வந்து நாலு வருஷம் ஆகிறது. பெண்டாட்டி பிள்ளையை இந்த வைகாசியில்தான் கூட்டி வந்தான்.

பிரபாத்துக்குத் தமிழ் வரும். ஆனால் அது முழுக்க சூப்பர்வைசரிடம் வாங்கின தமிழ். "டேய், எங்க கையெழுத்து போடணும், சீக்கிரம் சொல்லு" என்று ஹெட்மாஸ்டரிடமே கேட்டுவிட்டான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பாவம், அது மரியாதைக் குறைவு என்றே தெரியாது. அவனிடம் யாரும் வேறு மாதிரி பேசினதில்லை. வெட்கம் எனக்குத்தான்.

வருகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். தாய்க்கும் பெண்ணுக்கும் தமிழ் நான் சொல்லிக் கொடுக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வரை. மிச்ச எழுத்தெல்லாம் கோயில் டியூப்லைட்டில் எழுதியிருக்கும் உபயதாரர் பெயர்களைப் பார்த்துக் கூட்டிக் கற்றது. எனக்கு வந்தது அவர்களுக்கு வராதா.

சிலேட்டும் குச்சியும் வாங்கினேன். வீட்டுக் கணக்கில் கோயில் செலவு என்று எழுதியிருக்கிறேன். அம்மனுக்குத் தெரியும்.

ஆனி 9, திங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நம் வீட்டு முன் அறையில் பாடம். சஸ்மிதா சும்மா வரமாட்டாள். கம்பெனியிலிருந்து வரும் பனியன் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நூல் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்பாள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். என் வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டால் அந்தச் சிரிப்பும் நின்றுவிடும்.

முதலில் மரியாதை. "வாங்க, போங்க, உக்காருங்க, சாப்டீங்களா." 'ங்க' போடாமல் பேசினால் இந்தத் தெருவில் ஒரு குடம் தண்ணீர்கூட வாங்க முடியாது. மிலி கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். மத்தியானம் கேட்டுக்குள் நாய் நுழைந்ததாம். "போங்க, வெளிய போங்க, தப்புங்க" என்று குச்சியை ஓங்கிக்கொண்டு துரத்தியிருக்கிறாள். பூக்கார மரகதம் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"சௌடம்மாக்கா, உங்க சிஷ்யை நாய்க்கே பட்டம் கட்டிட்டாளுங்க."

இரவு சமையல்: கொள்ளுப் பருப்பு. ரசத்துக்குப் புளி பற்றவில்லை.

ஆனி 20, வெள்ளி

விளக்குப் பூசை முடித்துப் பள்ளிக்கூடம் போனேன். ஜெசிந்தா டீச்சர் மிலியின் அம்மாவைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். சஸ்மிதாவுக்குக் கட்டு முடிக்க வேண்டும், பயம் வேறு. அதனால் நானே போனேன்.

டீச்சர் நல்ல மாதிரி. "புள்ள கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டேங்குதுங்க்கா. மத்ததுக இந்திக்காரின்னு கூப்புடுதுக. நான் அதட்டி வெச்சிருக்கேன். வீட்லயும் கொஞ்சம் தமிழ் காதுல விழுந்தா கூச்சம் போயிருமுங்க. அவங்கம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

பிரபாத் வேலை விட்டு வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்துச் சொன்னேன். "இனிமே வீட்டுக்குள்ள உங்க பேச்சு வேண்டாம். புள்ளைகிட்டத் தமிழ் மட்டுந்தான் பேசோணும். டீச்சர் உத்தரவு." அவன் அதைப் பெண்டாட்டிக்குச் சொன்னான். அவள் என்னைப் பார்த்து என்னவோ கேட்டாள். நீளமாகக் கேட்டாள்.

"என்ன சொல்றா?"

"சரி சொல்றா அக்கா."

ஒரு சரிக்கு அவ்வளவு நேரமாகாது. போகட்டும். வைத்தியர் சொன்ன பத்தியத்தை வீட்டில் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ஆனி 27, வெள்ளி

நடு வீட்டுச் சுவரில் சத்தமே இல்லை. முன்பெல்லாம் அடுப்படியில் நின்றால் தாயும் மகளும் பேசுவது, பாடுவது, சண்டை போடுவது எல்லாம் கேட்கும். இப்போது பாத்திரச் சத்தம் மட்டும். சொன்னபடி நடக்கிறவர்கள். நல்ல குடித்தனம்.

ஆடி 2, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. மாவிளக்கு. மிலி பக்கத்தில் உட்கார்ந்து வெல்லம் தட்டினாள். பாதி வெல்லம் விளக்குக்கு, பாதி அவள் வயிற்றுக்கு.

இப்போது வாய் ஓய்வதில்லை. பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு டூ, யார் பலப்பத்தைத் தின்றது, டீச்சர் புதுச் செருப்பு, எல்லாம் தமிழில். என்னை அத்தை என்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே எங்கிருந்தோ எடுத்துக்கொண்டாள். எட்டு மணி வரை இங்கேதான். சஸ்மிதா வாசலில் வந்து நின்று, "வாங்க, சாப்பாடு, வாங்க" என்றாள். பெற்ற மகளை 'வாங்க' என்று கூப்பிடுகிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"நீ போம்மா. நான் அத்தை கூடச் சாப்புட்டுக்கறேன்."

சஸ்மிதாவுக்கு அது முழுக்கப் புரிந்ததா என்று தெரியவில்லை. 'போ' புரிந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

மிலி இரண்டு தோசை சாப்பிட்டாள். தேங்காய்ச் சட்னி பிடிக்கிறது. நாளைக்கு இன்னொரு மூடி தேங்காய் வேண்டும்.

ஆடி 8, வியாழன், அமாவாசை

கோயிலுக்கு மிலியைக் கூட்டிப் போனேன். பச்சைப் பாவாடை, நான் எடுத்தது. பூசாரி விபூதி வைத்துக்கொண்டே, "யாரு புள்ளைங்க?" என்று கேட்டார்.

"நம்ம புள்ளைதானுங்க" என்றேன்.

இத்தனை வருஷமாக அம்மனிடம் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பூ, கற்பூரம், தேங்காய், வாழைப்பழம் எழுதியாயிற்று.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். நடு வீட்டுக்கும் கொடுத்தேன்.

சஸ்மிதா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது நான் சேலத்துத் தங்கச்சியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் மகன் கல்யாணத்துக்கு எங்களைக் கேட்காமல் மண்டபம் பார்த்துவிட்டாள். அரை மணி நேரம் கத்தினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் சஸ்மிதா இன்னும் நிற்கிறாள்.

"அக்கா, இது என்ன பாஷைங்க?"

"அதுவா? அது பாஷையில்ல சஸ்மிதா. வீட்டுப் பேச்சு. கன்னடம் மாதிரி. எங்க சனத்துல எல்லா வீட்லயும் இதுதான். எழுத்தெல்லாம் எங்களுக்குக் கிடையாது."

"வீட்லங்களா?"

"ஆமா."

"எப்பவும்ங்களா?"

"பொறந்ததுலருந்து."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். யோசித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டாள். "உங்க டீச்சர், திட்டலைங்களா?"

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். எங்கள் பேச்சிலேயே, "பதில் சொல்லு, கேக்கறாளே" என்றார். இந்த மனிதருக்கு எந்த நேரத்தில் சிரிப்பது என்று தெரியாது.

கணக்கு எழுத வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன். எழுத ஒன்றும் இல்லை.

ஆடி 24, சனி

மரகதம் சொன்னாள். சஸ்மிதாவின் அக்கா ஒடிசாவிலிருந்து வீடியோவில் வந்தாளாம். மிலியிடம் என்னவோ கேட்டாளாம். மிலி தமிழில் பதில் சொன்னாளாம். அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்களாம். போனை வைத்துவிட்டு சஸ்மிதா குழாயடியில் உட்கார்ந்து அழுதாளாம்.

"புள்ளை நல்லாப் படிக்குதுன்னு சந்தோசத்துல அழுதிருப்பா" என்றேன்.

மரகதம் ஒரு முழம் பூ கூட வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆவணி 3, செவ்வாய்

மிலிக்குக் காய்ச்சல். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து நான்தான் போய்த் தூக்கி வந்தேன். டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கியாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை, வைரஸ் காய்ச்சல் என்றார்.

அவர்கள் வீட்டில் பாயில் படுக்க வைத்து, சஸ்மிதா ஈரத்துணி போட்டாள். காய்ச்சல் ஏறினபோது மிலி, "போவு, போவு" என்று முனக ஆரம்பித்தாள். அவர்கள் பேச்சில் அம்மா. அப்புறம் தொடர்ந்து என்னவோ சொன்னாள். எல்லாம் அவர்கள் பேச்சு. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ.

சஸ்மிதா குனிந்து வாயைத் திறந்தாள். திறந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தமிழில் சொன்னாள்.

"தூங்குங்க. நல்லதுங்க. தூங்குங்க."

குழந்தை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டியது. அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவளிடம் வேறு இல்லை. நான் கொடுத்தது அவ்வளவுதான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். நான் இல்லாவிட்டால் பேசுவாள் என்று நினைத்தேன். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். இதை எழுதக் கூடாது, எழுதிவிட்டேன். "தூங்குங்க, தூங்குங்க" என்றுதான் கேட்டது.

ஆவணி 4, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. லீவு சொல்லப் பள்ளிக்கூடம் போனேன். டீச்சரிடம் கேட்டேன்: ஒரேயடியாக அவர்கள் பேச்சை நிறுத்தினால் குழந்தைக்கு நல்லதுதானே?

"ஐயோ, எதுக்குங்க்கா நிறுத்தோணும்? அம்மாகிட்டப் பேசாம புள்ளை யாருகிட்டப் பேசும்? யாருங்க நிறுத்தச் சொன்னது?"

வெயில் அதிகம். வழியில் கீரை வாங்கினேன். அரைக்கீரை, நல்ல இளசு.

ஆவணி 8, ஞாயிறு

பிரபாத் வீட்டில் இருந்தான். போய் உட்கார்ந்தேன். "டீச்சர் வேற மாதிரி சொல்லிட்டாங்க. இனி வீட்ல உங்க பேச்சே பேசுங்க" என்றேன்.

பிரபாத்துக்குச் சந்தோஷம். சஸ்மிதா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"டீச்சர் சொன்னதுங்களா, அக்கா சொன்னதுங்களா?"

"அக்கா சொன்னது" என்றேன். "முன்ன சொன்னதும் அக்காதான்."

அவள் தலையாட்டினாள். திரும்பி, மிலியிடம் அவர்கள் பேச்சில் என்னவோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். மிலி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, தமிழ்ல பேசு. அது இந்திக்காரி பேச்சு. அசிங்கமா இருக்கு."

ஆறு வயசு. நான் சொல்லிக் கொடுத்த தமிழ். ஒரு பிழை இல்லை.

ஆவணி 12, வியாழன்

சாயங்காலப் பாடத்தை நிறுத்திவிட்டேன். "உங்கம்மா கூட இரு கண்ணு" என்று அனுப்பினால், கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அத்தைக்கு என்னைப் புடிக்கலையா?" என்று கேட்டாள். உள்ளே வந்து அரிசி புடைத்தேன். புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தேன்.

ஆவணி 20, வெள்ளி

மிலி என்னோடு பேசுவதில்லை. அம்மாவோடும் அதிகம் இல்லை. நாயோடு பேசுகிறாள், தமிழில்.

புரட்டாசி 5, ஞாயிறு, அமாவாசை

அம்மனிடம் ரொம்ப நேரம் பேசினேன். சத்தமாகத்தான் பேசினேன், யாருமில்லை என்று. எங்கள் பேச்சில். என் அம்மாவிடம் கோபித்துக்கொள்கிற மாதிரி கோபித்துக்கொண்டேன். பாதியில் ஒன்று தோன்றியது: இந்த ஆத்தாளிடம் நான் ஒரு நாளும் தமிழில் பேசினதில்லை. தமிழில் கணக்கு எழுதுகிறேன், தமிழில் கடைக்காரனிடம் பேரம் பேசுகிறேன். அழுகை மட்டும் தமிழில் வருவதில்லை.

புரட்டாசி 16, வியாழன், விஜயதசமி

கத்தி போடும் நாள். எங்கள் சனம் முழுக்கத் தெருவில். பையன்கள் மார்பில் கத்தியைத் தட்டிக்கொண்டு, "தீசுக்கோ தாயே, தீசுக்கோ" என்று, ஏற்றுக்கொள்ளச் சொல்லி அம்மனை அழைத்து வந்தார்கள். வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து, தெருவே எங்கள் பேச்சாக இருந்தது. தங்கச்சியும் சேலத்திலிருந்து வந்தாள். மண்டபச் சண்டையை நடுத்தெருவில் தொடர்ந்தோம்.

சஸ்மிதாவையும் மிலியையும் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். மிலி என்னோடு டூ விட்டிருப்பதை மறந்து என் புடவையை இழுத்தாள்.

"அத்தை, இத்தனை பேரும் இந்திக்காரங்களா?"

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இல்ல கண்ணு. இது எங்க வீட்டுப் பேச்சு. எங்கம்மா எங்கிட்டப் பேசுனது."

"நீங்க தமிழ்தானே?"

"தமிழுந்தான். இதுவுந்தான்."

"ரோட்ல சத்தமாப் பேசலாமா?"

"அம்மனையே இதுலதான் கூப்புடறோம். மெதுவாக் கூப்புட்டா அவளுக்கு எப்படிக் கேக்கும்?"

மிலி கூட்டத்தைப் பார்த்தாள். கத்தி போடும் பையனைப் பார்த்தாள். தங்கச்சியிடம் நான் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையைப் பிடித்திருந்தாள், ஆனால் ஒன்றும் பேசவில்லை. சஸ்மிதாவும் பேச்சுக் கொடுக்கவில்லை. இந்த மூன்று மாசத்தில் அவளுக்கும் வாய் பயந்துவிட்டது.

புரட்டாசி 19, ஞாயிறு

காலையில் குளித்து, விளக்கேற்றிவிட்டு, மிலியின் சிலேட்டை எடுத்துக்கொண்டு நடு வீட்டுக்குப் போனேன். சஸ்மிதா கட்டைப் பிரித்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கு உங்க பேச்சு சொல்லிக் கொடு."

"அக்காவுக்கு எதுக்குங்க?"

"எதுக்கோ. இந்த வயசுல ஆசை வந்திருச்சு."

நான் இன்னொரு கத்திரியை எடுத்துக்கொண்டேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். சும்மா உட்கார்ந்து கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தண்ணீருக்குப் 'பாணி' என்றாள். சுலபம். பசிக்கிறதா என்று கேட்பதற்கு ஒன்று சொன்னாள். 'போகொ லாகுச்சி கி.' நான் திருப்பிச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, முந்தானை வாய்க்குப் போனது. எனக்குக் காது சூடானது. மறுபடி சொன்னேன். இன்னும் மோசம்.

மிலி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. நான் சொல்லச் சொல்ல அந்த முதுகு மட்டும் அசைந்தது. ஐந்தாறு தடவை பொறுத்தாள்.

"அத்தை, அப்புடி இல்ல."

"பின்ன எப்புடி?"

"உங்களுக்குக் காத்தே வர மாட்டேங்குது." எழுந்து வந்து என் எதிரில் மண்டி போட்டு, உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் வைத்தாள். "சொல்லுங்க. காத்து என் கைல படோணும்."

சொன்னேன். படவில்லை. அவள் என் கையை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினாள். "போகொ." சூடாகக் காற்று பட்டது. மறுபடி சொன்னாள். அந்தச் சொல்லை அவள் வாயால் இப்போதுதான் கேட்கிறேன். சஸ்மிதாவின் கத்திரி நின்றுவிட்டது.

நான் பெரிதாக மூச்சை இழுத்து ஊதினேன். சொல் வரவில்லை, எச்சில்தான் தெறித்தது. மிலி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். டீச்சர் பெருமூச்சு விடுவது போல ஒரு பெருமூச்சு. பிறகு அம்மா பக்கம் திரும்பிப் புகார் சொல்ல ஆரம்பித்தாள். மூச்சு விடாமல், கையை ஆட்டி, என் வாயைப் போல வாயைக் கோணலாக்கிக் காட்டி, அவர்கள் பேச்சில். சஸ்மிதா ஒன்று சொன்னாள். இவள் இரண்டு சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சஸ்மிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி பேசினார்கள். மிலி அம்மா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மறுபடி என் பக்கம் கையை நீட்டி என்னவோ சொன்னாள்.

என்னைப் பற்றித்தான். ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. அவர்களும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. நான் எழுந்து போகாமல், பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.